சொந்த மனையில் வீடு கட்டிக் கொடுத்த காண்ட்ராக்ட் நிறுவனம், திருச்சி: குடிவந்து பத்து மாதம் கழித்து

போன தை மாதம் பால் காய்ச்சிக் குடிவந்தோம், இந்த ஐப்பசி மழையையும் பார்த்தாகிவிட்டது, இனி எழுதலாம். மூன்றரை சென்ட் மனை, 1,180 சதுர அடி, தரைத்தளம் மட்டும். பொருளும் கூலியும் சேர்த்து சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று ஒப்பந்தம், வேலை முடிய 11 மாதம் ஆனது. என் கணவருக்கு ஓசூரில் வேலை என்பதால் காலையும் மாலையும் சைட்டில் போய் நின்றது நானும் அப்பாவும்தான். நிறுவனத்தின் பெயரைப் போடப்போவதில்லை, நல்லதும் குறையும் இரண்டும் எழுதப்போகிறேன், யார் பிழைப்பும் கெட வேண்டாம். ஒரே வரியில் கேட்டால், கட்டுமானத்துக்கு ஐந்துக்கு நாலரை தருவேன், நடுவில் நாம் கேட்கும் மாற்றங்களைக் கையாளும் விதத்துக்கு இரண்டரைதான் தர முடியும்.

முதலில் நல்லது. மூலைகள் எல்லாம் மூலமட்டத்துக்குச் சரியாக இருக்கின்றன, டைல்ஸ் ஒட்டியவரே அதைச் சொன்னார். கூரைக்குக் கான்கிரீட் போட்ட மறுநாளே மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள், சுவருக்கும் தூணுக்கும் காலை மாலை தண்ணீர் அடித்தார்கள், தூணில் சாக்கு சுற்றி ஈரம் காயாமல் வைத்தார்கள். சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் குறைந்தது பத்து நாள் ஈரம் வேண்டும், அதை நான் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. கம்பி கட்டி முடித்ததும் இன்ஜினியர் வந்து பார்க்காமல் ஒருநாளும் கான்கிரீட் போட்டதில்லை. மேஸ்திரி அண்ணன் தங்கமான மனிதர், அவர் வேலையில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் எல்லாம் வேறு இடத்தில். நாம் எதைக் கேட்டாலும் சூப்பர்வைசர் சொல்லும் பதில் "அப்புறம் பாத்துக்கலாம் மேடம்". வீடு கட்டுவதில் அந்த அப்புறம் என்பது பல விஷயங்களுக்குக் கிடையாது. கூரையில் பதிக்கும் ஊஞ்சல் கொக்கிக்கு அப்புறம் கிடையாது, கான்கிரீட் போட்டால் முடிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கடைசி நாள் இருக்கிறது, அது எது என்று அவர்களாக முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு இது பிடிபட்டது, அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் "அடுத்த வாரம் என்ன வேலை, அதற்கு முன்னால் நாங்கள் எதை முடிவு செய்ய வேண்டும்" என்று கேட்க ஆரம்பித்தேன். இந்த ஒரு கேள்வியைத் தொடக்கத்திலிருந்தே கேட்டிருந்தால் எங்களுக்கு முப்பதாயிரமாவது மிச்சமாகியிருக்கும்.

பேஸ்மெண்ட் முடிந்து சுவர் எழுப்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் செய்தது நல்ல பலன் கொடுத்தது. கோலமாவு எடுத்துப் போய், வரைபடத்தில் இருப்பதைத் தரையில் போட்டோம், அறைகளை மட்டுமல்ல, ஆறுக்கு ஆறரை அடி கட்டில், பீரோ, பிரிட்ஜ், கதவு திறந்தால் எவ்வளவு தூரம் வரும் என்பது வரை. தாளில் பெரிதாகத் தெரிந்த படுக்கையறையில் பீரோ வைத்தால் கதவு முழுதாகத் திறக்காது என்று அப்போதுதான் தெரிந்தது. சுவரை நகர்த்த முடியுமா என்று கேட்டோம், முடியாது, அடியில் சுவரைத் தாங்கும் பெல்ட் கான்கிரீட் அந்தக் கோட்டில்தான் போகிறது என்றார் இன்ஜினியர். கதவை ஒரு அடி தள்ளலாம் என்றார், தள்ளினோம், காசு எதுவும் கேட்கவில்லை. நிலை வைத்த பிறகு இதையே கேட்டிருந்தால் இடித்துத்தான் மாற்ற வேண்டும். அப்பாவின் குளியலறைக் கதவை இரண்டரை அடியிலிருந்து மூன்று அடியாக்கியதும் அதே நாளில்தான். இப்போது அவர் நன்றாக நடக்கிறார், ஆனாலும் நாளைக்கு வாக்கரோ சக்கர நாற்காலியோ வந்தால் நுழைய வேண்டும் இல்லையா.

வெளிச் சுவரில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கீகாரம் வாங்கிய வரைபடத்தில் பக்கத்து மனையிலிருந்து விட வேண்டிய இடம் குறிக்கப்பட்டிருக்கும், போர்ட்டிகோவை இரண்டு அடி நீட்டலாம் என்று சைட்டில் யார் ஆசை காட்டினாலும் வேண்டாம், நாளைக்கு வங்கிக் கடனுக்கும் விற்பனைக்கும் அதுவே வில்லங்கமாக வந்து நிற்கும்.

கூரைக் கான்கிரீட்டுக்கு முந்தின நாள் எனக்கு மறக்காது. அப்பாவுக்குக் கூடத்தில் ஊஞ்சல் வேண்டும் என்பது ஆரம்பத்திலேயே சொன்னது, ஒப்பந்தத்திலும் எழுதியிருந்தது. சாயங்காலம் மேலே ஏறிப் பார்த்தால் ஃபேன் பாக்ஸ் இருக்கிறது, லைட் பைப் இருக்கிறது, கொக்கி இல்லை. சூப்பர்வைசருக்குப் போன் செய்தால், பின்னால் டிரில் போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்கிறார். பெரியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடும் பாரத்தை அப்படிப் பின்னால் மாட்டியதில் நம்பி விட எனக்கு மனம் வரவில்லை. இன்ஜினியரிடம் பேசினேன், அவர் கம்பி கட்டுபவரை மறுநாள் விடியற்காலையில் வரவைத்து, 16 எம்எம் கம்பியில் இரண்டு கொக்கி வளைத்து, பீம் கம்பிக்கு மேலாகக் கொண்டுபோய்க் கட்டச் செய்தார். கான்கிரீட் கலவை இயந்திரம் வந்து நிற்கும்போது கடைசி முடிச்சு போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடவே படுக்கையறையில் ஒரு தொட்டில் கொக்கியும் போட்டுக்கொண்டோம், செலவு ஒன்றும் பெரிதில்லை. கூரையில் போக வேண்டியது எல்லாவற்றுக்கும், லைட் பாயிண்ட், சமையலறை நடுவில் ஒரு ஃபேன், மாடிக்குப் போகும் பைப், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நாள்தான்.

சமையல் மேடைதான் எனக்கு அதிகம் வருத்தம் கொடுத்தது. என் உயரத்துக்கு 34 அங்குலம் வசதி என்று பழைய வீட்டில் நின்று அளந்து சொல்லியிருந்தேன். மேடைக்குக் கடப்பா கல் வைத்த அன்று டேப் வைத்துப் பார்த்தேன், 34 சரியாக இருந்தது, சந்தோஷமாக வந்துவிட்டேன். தரைக்கு டைல்ஸ் ஒட்டிய பிறகு அளந்தால் மேலே கிரானைட் வந்தும் 32½தான். அவர்கள் அளந்தது பேஸ்மெண்ட் கான்கிரீட்டிலிருந்து, அதன்மேல் கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரை இரண்டேகால் அங்குலம் ஏறிவிட்டது. ஒன்றரை அங்குலம் என்ன பெரிய விஷயம் என்று சூப்பர்வைசர் கேட்டார். தினமும் மூன்று மணி நேரம் அங்கே நிற்பவளுக்கு அது பெரிய விஷயம்தான். கடைசியில் கிரானைட்டைக் கழற்றி, உயர்த்தி, மறுபடி பதித்தார்கள், பாதிச் செலவு எங்கள் தலையில். நீங்கள் செய்ய வேண்டியது, பூச்சு வேலை தொடங்கும்போதே டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்து எல்லா அறைச் சுவரிலும் ஒரு மட்டக்கோடு போடச் சொல்லுங்கள், முடிந்த தரை இந்தக் கோட்டிலிருந்து இத்தனை அடி கீழே என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மேடை, ஜன்னல் அடி, சுவிட்ச் போர்டு, கழிப்பறைக் கோப்பை, எதை அளந்தாலும் அந்தக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். இதை மட்டும் யாராவது எனக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

எலக்ட்ரிக் வேலை இந்த நிறுவனத்தின் பலவீனமான இடம். அவர்கள் அனுப்பிய தம்பி, வரைபடத்தைக்கூடப் பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் போடுவதுபோல் சுவரில் ஒயர் பைப்புக்குக் காடி வெட்ட ஆரம்பித்துவிட்டார், படுக்கையறை சுவிட்ச் போர்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டது. மாற்றச் சொன்னதற்குத் தனிக் கூலி கேட்டார்கள், தவறு அவர்களுடையது என்று இரண்டு வாரம் பேசிப் பாதி கொடுத்தோம். அதற்குப் பிறகு நானே சிவப்புச் சாக்பீஸ் எடுத்து, கட்டில் இங்கே, டிவி இங்கே, கிரைண்டர் இங்கே என்று சுவரில் எழுதி, போர்டு வர வேண்டிய இடத்தில் கட்டம் போட்டேன். எழுதிய பிறகு ஒரு தவறும் நடக்கவில்லை, ஆகவே வாயால் சொல்வதை நம்பாதீர்கள். மாவு கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் தனித்தனி பாயிண்ட், கட்டில் தலைமாட்டில் டூவே சுவிட்ச் (ஒரே லைட்டை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்க), வாசலுக்கு வெளியே கோலம் போடும் இடத்துக்கு ஒரு லைட், போர்ட்டிகோவில் மின்சார ஸ்கூட்டருக்கு 16 ஆம்ப் பிளக், இன்வெர்ட்டருக்குத் தனி லைன், இதெல்லாம் காடி வெட்டும் முன் சொன்னால் சில நூறு ரூபாயில் முடியும். ஏசி இப்போது வாங்காவிட்டாலும் அந்த அறைக்கு 4 சதுர எம்எம் ஒயரும், தண்ணீர் வடிய வெளிப்பக்கம் வாட்டமாக ஒரு பைப்பும் போட்டுவிடுங்கள்.

சோலாருக்காக மொட்டை மாடியிலிருந்து மீட்டர் பெட்டிவரை ஒரு காலி பைப் விட்டுவைத்தோம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று வந்ததும் பக்கத்து வீட்டில் பேனல் மாட்டினார்கள், அவர்கள் வீட்டில் ஒயர் முழுக்க வெளிச் சுவரில் ஓடுகிறது. எங்களுக்கு இன்னும் பணம் சேரவில்லை, ஆனால் பைப் தயாராக இருக்கிறது.

பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப்பை ஒட்டிப் பிடித்து போட்டோ எடுத்துவிடுங்கள், ஒயர் பைப்பும் தண்ணீர்ப் பைப்பும் மூலையிலிருந்து எத்தனை அடியில் போகிறது என்று தெரிகிற மாதிரி. நான் அறுபது போட்டோவுக்கு மேல் வைத்திருக்கிறேன். போன மாதம் கீசர் பக்கத்தில் ஆணி அடிக்கும் முன் அதைப் பார்த்ததால் சுடுதண்ணீர் பைப் தப்பித்தது.

குளியலறையில் இரண்டு விஷயம். டைல்ஸ் ஒட்டும் முன், தண்ணீர் கசியாத பூச்சு பூசியதும் வடிகால் வாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கி வைக்கச் சொன்னேன், செய்தார்கள், கசிவு இல்லை. ஆனால் தரை டைல்ஸ் ஒட்டிய அன்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது மூலையில் தேங்கி நின்றது, வாட்டம் சரியில்லை. கலவை முழுதாக இறுகுவதற்குள் பார்த்ததால் அன்றே நான்கு டைல்ஸை எடுத்து மறுபடி ஒட்டினார்கள், முகம் சுளிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்பாவுக்குக் கைப்பிடிக் கம்பி வரும் உயரத்தையும் முதலிலேயே குறித்துக் கொடுத்தோம், அந்த இடத்துக்குள் பைப் எதுவும் போகாமல் பார்த்துக்கொண்டார் பிளம்பர்.

பணம். ஒப்பந்தத் தொகைக்கு மேல் எங்களுக்கு வந்த எக்ஸ்ட்ரா 1,64,000 ரூபாய். அதில் பாதிக்குமேல் நியாயமானது, நாங்கள் கேட்டு வாங்கியது. மீதியில்தான் சண்டை. ஒரு அறையில் பரண் வேண்டாம் என்று விட்டோம், டைல்ஸ் சதுர அடிக்கு 55 ரூபாய் என்று போட்டிருந்ததில் சமையலறைக்கு 42 ரூபாய் டைல்ஸ்தான் எடுத்தோம், இதற்கெல்லாம் கழித்துக்கொள்ளவே இல்லை, கூட்டியது மட்டும் பில்லில் வந்தது. நாங்கள் எழுதி வைக்காததால் 18,000 ரூபாய் அளவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு நோட்டுப் போட்டு, கூட்டுவது குறைப்பது இரண்டையும் தேதியும் தொகையும் போட்டு, வேலை தொடங்கும் முன் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விடுங்கள். டைல்ஸ் வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றா என்று பார்த்து, ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் வையுங்கள், பின்னால் அதே நிறம் கிடைக்காது.

அடுக்குமாடியோ, கட்டி விற்கும் தனி வீடோ வாங்குபவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் வரும் திட்டங்களில் சாவி கொடுத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை எதுவும் தெரிந்தால் கட்டியவரே 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முக்கியமான பாதுகாப்பு. நாங்கள் ஒரு வருடம் என்று எழுதி வாங்கினோம், கடைசித் தவணையில் 50,000 ரூபாயைக் குடிவந்து ஆறு மாதம் கழித்துத் தருவதாகவும் போட்டிருந்தோம். ஆடியில் சமையலறை ஜன்னல் ஓரமாகச் சாரல் உள்ளே இறங்கியது, சொன்ன நான்காம் நாள் ஆள் வந்து சரிசெய்தார், அதற்குப் பிறகுதான் அந்தப் பணத்தைக் கொடுத்தோம். ஐப்பசி மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை.

இவர்களிடம் கொடுக்கலாமா என்று உறவில் இரண்டு பேர் கேட்டார்கள். தினமும் ஒருமுறையாவது சைட்டுக்குப் போக முடியும் என்றால் கொடுங்கள் என்றேன், வெளியூரிலிருந்துகொண்டு சாவி மட்டும் வாங்க நினைத்தால் வேண்டாம் என்றேன். தம்பிக்காக இரண்டு வருடத்தில் மாடி எடுப்பதாக இருக்கிறோம், அதற்காகத் தூண் கம்பிகளை மேலே விட்டு, துருப் பிடிக்காமல் சிமெண்ட் பால் பூசிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலையையும் இவர்களிடமே, அதே மேஸ்திரி அண்ணனிடமே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம், எலக்ட்ரீஷியனை மட்டும் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றும் இப்போதே சொல்லிவிட்டேன்.