19 அங்குல ரிம்மா, ஏ.டி. டயரா, பழைய 17 போதுமா?

நான்கு டயரும் ஒன்றாகத் தேயும் நேரத்தில்தான் வாகனத்தைக் கொஞ்சம் அழகுபடுத்திப் பார்க்கும் ஆசையும் வருகிறது. எப்படியும் ஒரு பெரிய தொகை கையை விட்டுப் போகப் போகிறது; இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ரிம்மையும் மாற்றிவிடலாமே என்று மனம் கணக்குப் போடும். சென்ற ஆவணியில் எனக்கு அந்த நிலை வந்தது. மாரி தொடங்குமுன் டயர் மாற்றியே ஆகவேண்டும். 2020 மார்ச்சில் இலங்கையில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது உண்மைதான். ஆனால் வரியோடு சேர்த்து வரும் விலையைக் கேட்டால், கையிலிருக்கும் பத்து வயது எஸ்யூவியைப் பேணி ஓட்டுவதே வழி என்று தெரிகிறது. அப்படிப் பேணும்போது அது பார்க்கவும் நன்றாக இருக்கவேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை.

முதலில் என் ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடு மட்டக்களப்பு கல்லடியில், வயல் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால். 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததிலிருந்து ஆரையம்பதி தாண்டி வாவியைக் கடந்து அந்தப் பக்கம் போய்வருவது அன்றாடப் பயணமாகிவிட்டது. மாதம் இரண்டு முறை அக்கரைப்பற்றில் மனைவியின் வீட்டுக்கும் போவோம். பத்தில் எட்டுப் பங்கு காபட் வீதி, மீதி கிரவல். வேளாண்மை வெட்டும் காலத்தில் அந்தக் கிரவலில் உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் போட்டுவைத்த பள்ளங்கள் வேறு. உங்கள் ஓட்டம் இதிலிருந்து வெகுவாக மாறுபட்டால் என் முடிவும் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, 19 அங்குல அலோய் ரிம்மும் அதற்கேற்ற தட்டையான டயரும். இரண்டு, வாகனத்தோடு வந்த கம்பனி ரிம்மிலேயே ஏ.டி. டயர், அதாவது தார் வீதிக்கும் மண் பாதைக்கும் பொதுவான, தடித்த கட்டைகள் கொண்ட டயர். மூன்று, அதே 17 அங்குல ரிம்முக்கு நிறம் பூசி, அதில் சாதாரண நெடுஞ்சாலை டயர். நான் மூன்றாவதை எடுத்தேன். அழகில் முதலாவதுக்கே முதலிடம். கிரவலில் கம்பீரம் இரண்டாவதுக்கு. செலவு மூன்றாவதில்தான் குறைவு. இவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் இதோடு விட்டுவிடுகிறேன்.

19 அங்குலத்தின் கணக்கு எளிது. என் வாகனத்தோடு வந்த அளவு 225/65 ஆர் 17. எக்ஸ்-ட்ரெயில், ராவ் 4, சிஆர்-வி போன்ற நடுத்தர எஸ்யூவிகள் பலவும் இந்த அளவில் வந்தவைதான். 225 மில்லிமீற்றர் அகலத்தில் 65 வீதம் என்றால் பக்கச்சுவரின் உயரம் 146 மில்லிமீற்றர். வேக அளவி பிழைக்காமல் 19 அங்குலத்துக்குப் போகவேண்டுமானால் 225/55 எடுக்கவேண்டும். அதில் பக்கச்சுவர் 124 மில்லிமீற்றர்தான். போன அந்த 22 மில்லிமீற்றர்தான் ரப்பரும் காற்றும் நிறைந்திருந்த இடம். பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றிய இடம்.

என் மச்சான் இதே வகை வாகனத்துக்கு 19 போட்டார். போட்ட அன்று எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியபோது நானே சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். அவ்வளவு எடுப்பாக இருந்தது. ஏழாவது மாதம், ஒரு மழை இரவில் களுவாஞ்சிகுடிப் பக்கம் மதகு ஒன்றின் உடைந்த விளிம்பில் முன் இடச்சக்கரம் ஏறி இறங்கியது. வேகம் அதிகமில்லை என்றுதான் சொன்னார். காலையில் பார்த்தால் டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு. ரிம்மின் உள் விளிம்பும் வளைந்திருந்தது. அப்படிப் புடைத்தால் உள்ளேயிருக்கும் நூலிழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அதற்கு ஒட்டுப்போட முடியாது, போடவும் கூடாது.

இனி ஏ.டி. டயர். மச்சானின் நண்பரிடம் யோகொஹாமா ஜியோலாண்டர் ஏ.டி. போட்ட வாகனம் இருந்தது. ஒரு வாரம் அதைக் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்தேன். கிரவலில் அது சுகம்தான். குண்டுக்கற்கள் சிதறிய இடத்திலும் பிடி விடவில்லை. ஆனால் காபட் வீதிக்கு வந்து எழுபதைத் தாண்டியதும் உள்ளே ஒரே சீரான இரைச்சல் தொடங்கியது. அக்கரைப்பற்று வரும்வரை அது ஓயவில்லை. டயர் ஒவ்வொன்றும் சில கிலோ கூடுதல் எடை என்பதால் பெற்றோலும் கொஞ்சம் கூடப் போகும். நனைந்த தார் வீதியில் பிரேக் பிடிக்கும் தூரம் பொதுவாக நெடுஞ்சாலை டயருக்கே சாதகமானது. எங்கள் மாரியில் வீதியில் தண்ணீர் ஒரு அங்குலம் நிற்கும். அப்போது டயரைச் சுற்றி நீளவாக்கில் ஓடும் அகலமான தவாளிப்புகள்தான் தண்ணீரை விலக்கித் தள்ளுகின்றன.

வயல் வரம்புவரை போகவேண்டும், அதனால் ஏ.டி. வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. நனைந்த வயல் களியில் ஐந்து சுற்றுச் சுற்றியதும் ஏ.டி. டயரின் இடைவெளிகளிலும் களி அடைத்துவிடும். அதன்பின் இரண்டு டயரும் ஒன்றாகத்தான் வழுக்கும். அந்த இடத்துக்கு உழவு இயந்திரம்தான் சரி. இருந்தாலும் ஒரு வார ஓட்டத்தை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். உன்னிச்சைக் குளத்துக்கு அந்தப் பக்கம் நாள்தோறும் கிரவலில் ஓடுகிறவர் ஏ.டி. நல்லது என்றால் அவர் பேச்சுக்கே அதிக மதிப்புக் கொடுங்கள்.

என் மனதைத் தீர்மானித்தது வேறொன்று. மட்டக்களப்பில் இருந்துகொண்டு, ஒரு டயர் மட்டும் வெட்டுப்பட்டால் என்ன செய்வது? டயர் வாங்கும்போது நாம் நான்கைப் பற்றித்தான் நினைக்கிறோம். வீதியில் கெடுவதோ பெரும்பாலும் ஒன்று.

காத்தான்குடியில் நான் வழக்கமாகப் போகும் டயர் கடை நானாவிடம் இதைத்தான் கேட்டேன். அவர் கையிலிருந்த வேலையை நிறுத்தாமலே சொன்னார்: "தம்பி, 225/65 பதினேழு என்றால் பின் அடுக்கில் எப்போதும் நாலைந்து கிடக்கும். பத்தொன்பது என்றால் கொழும்புக்குச் சொல்லி, இரவு பஸ்ஸில் போடச் சொல்லி, நீங்கள் காலையில் போய் எடுக்கவேண்டும். அவர்களிடமும் அதே டயர் இருந்தால்தான்." மச்சானுக்கு நடந்ததும் இதுவே. அதே கம்பனியில் அந்த அளவு முடிந்துவிட்டது என்றார்கள். வேறு கம்பனி டயர் ஒன்று நான்காம் நாள் வந்தது.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வாகனத்துக்கு அப்படி ஒற்றைப் புது டயர் போடுவது சிக்கல். புது டயரின் தவாளிப்பு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழம். பாதி தேய்ந்தது 4 மில்லிமீற்றர். இந்த 4 மில்லிமீற்றர் வித்தியாசத்தால் தேய்ந்த டயர் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஐந்து சுற்று அதிகம் சுற்றவேண்டியிருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்கு 65 கிலோமீற்றர் என்று வைத்தால், முந்நூறுக்கும் மேற்பட்ட சுற்றுகள். ஒரு சக்கரம் முந்த மற்றொன்று பிந்த, பின் அச்சுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கிளட்ச் அந்த இழுபறியைத் தாங்கிக்கொண்டே ஓடுகிறது. அது சூடாகித் தேய்ந்தால் வரும் செலவோடு ஒப்பிட்டால் டயர் விலை ஒன்றுமேயில்லை. அதனால்தான் இத்தகைய வாகனங்களில் நான்கு டயரும் ஒரே அளவாக, ஒரே கம்பனியாக, கிட்டத்தட்ட ஒரே தேய்மானமாக இருக்கவேண்டும் என்று கையேடுகள் வற்புறுத்துகின்றன. மச்சான் கடைசியில் இன்னும் மூன்று டயர் வாங்கினார். ஒரு மதகு விளிம்புக்காக நான்கு டயர்.

இதற்கு நான் கண்ட தீர்வு ஐந்தாவது டயர். 19 அங்குல ரிம்முக்குப் போகவேண்டிய பணத்தில் சிறு பங்கை எடுத்து, பாவித்த உதிரிப்பாகக் கடையில் அதே கம்பனி ரிம் ஒன்று தேடி வாங்கினேன். டயர் ஐந்தும் ஒரே வகை. பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் இரண்டு இலக்கமும் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 3224 என்றால் 2024இன் 32ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தும் சில வார இடைவெளிக்குள் செய்தவையாக இருந்தன. ஒவ்வொரு 8,000 கிலோமீற்றருக்கும் ஐந்தாவதையும் சுழற்சியில் சேர்த்து இடம் மாற்றுகிறேன். ஐந்தும் ஒன்றாகத் தேயும். ஒன்று வெட்டுப்பட்டால் அதே தேய்மானமுள்ள டயர் வாகனத்திலேயே இருக்கிறது. முன்பு வாகனத்தோடு வந்த மெல்லிய அவசரச் சக்கரத்தில் 80க்கு மேல் போகக்கூடாது என்று எழுதியிருந்தது. அதை வீட்டில் இறக்கிவைத்துவிட்டேன். முழு அளவுச் சக்கரம் வைத்ததில் டிக்கியின் தரைப்பலகை இரண்டு விரல் உயர்ந்து நிற்கிறது. மரக்கறிக் கூடை வைக்கும்போது அது சற்று இடைஞ்சல்தான், பொறுத்துக்கொள்ளலாம்.

ரிம்முக்கு நிறம் பூசியதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழ்கிற நமக்கு அது வெறும் அழகு வேலை அல்ல. என் முன் வலது சக்கரம் வாரத்துக்கு நான்கைந்து இறாத்தல் காற்றை இழந்துகொண்டிருந்தது. ஆணி எதுவுமில்லை. நானா டயரைக் கழற்றி, அது ரிம்மோடு பொருந்தும் விளிம்பைக் காட்டினார். கோதுமை மா தூவியது போல வெண்பொடி. உப்புக்காற்று அலுமினியத்தை அரித்து எடுத்த பொடி. விரலால் தடவினால் கீழே சொரசொரவென்று அம்மைத் தழும்பு போன்ற குழிகள். அந்தக் குழிகள் வழியேதான் காற்று கசிந்திருக்கிறது. கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, பிறகு ஐந்து ரிம்மையும் கடுஞ்சாம்பல் நிறத்தில் பவுடர் கோட்டிங் செய்யக் கொடுத்தேன். கறுப்பு வேண்டாம் என்று விட்டேன். கிரவல் தூசி கறுப்பில்தான் அதிகம் தெரியும். கொடுக்கும்போது ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: நட் உட்காரும் குழியிலும் ரிம் அச்சோடு ஒட்டும் முகத்திலும் பூச்சுப் படக்கூடாது. அங்கே தடித்த பூச்சு இருந்தால் ஓட ஓட அது நசுங்கி நட் தளர்ந்துவிடும். பூட்டி 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்ப்பதும் அவசியம்.

மற்ற அலங்காரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மஞ்சளித்த ஹெட்லைட் கண்ணாடியை ஈரத் தேய்தாளால் படிப்படியாகத் தேய்த்து மெருகேற்றி, மேலே வெயில் தாங்கும் பூச்சு அடித்தேன். வாகனத்தின் வயதில் ஐந்தைக் குறைத்தது அந்த வேலைதான், அதுவும் மிகக் குறைந்த செலவில். மேற்பூச்சை விட்டுவிட்டால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளிக்கும். நான்கு மட் பிளாப்புக்கும் துருப்பிடிக்காத ஸ்க்ரூ போட்டேன். குரோம் பட்டிகளைத் தொடவேண்டாம்; கல்லடிக் காற்றில் அவை உரிந்து தொங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கப் படி வயதான அம்மாவுக்கு உதவும் என்று எண்ணினேன். ஆனால் அது தரை இடைவெளியைக் குறைப்பதோடு அதன் தாங்கிகளும் முதலில் துருப்பிடிக்கும் என்பதால் அம்மாவுக்கு ஒரு கைப்பிடி பூட்டிக் கொடுத்தேன். கூடுதல் விளக்குகள் வேண்டவே வேண்டாம். 2025 ஜனவரியில் பொலிஸார் வாகனங்களில் பூட்டியிருந்த மேலதிக உபகரணங்களைக் கழற்றவைக்கத் தொடங்கியது நினைவிருக்கும்.

மச்சான் 19 போட்ட அன்றே பழைய ரிம் நான்கையும் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தவர். வாகனத்தை விற்க நினைத்தபோது பார்க்க வந்த இருவரும் முதலில் கேட்டது கம்பனி ரிம் இருக்கிறதா என்றுதான். இப்போது இருவருமாகச் சேர்ந்து அதே ரிம்களைத் தேடுகிறோம். கல்முனையில் இரண்டும் ஏறாவூரில் ஒன்றும் கிடைத்தன. நான்காவதுக்குச் சாய்ந்தமருதில் சொல்லிவைத்திருக்கிறோம்.