டாக்கோவுக்கு எந்த மாவு: மீலியா, மாசாவா, நம் ரொட்டியா?

வீட்டில் பத்து கிலோ மீலி மாவு, அதாவது சாதாரண மக்காச்சோள மாவு, கிடக்கும்போது மெக்சிகோவின் மாசா மாவுக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்? தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் வீட்டில் டாக்கோ (மெல்லிய ரொட்டியை மடித்து உள்ளே பீன்ஸோ கறியோ வைக்கும் மெக்சிகோ உணவு) செய்வதாகச் சொன்னதும் அத்தை கேட்ட முதல் கேள்வி இதுதான். இரண்டும் மக்காச்சோளம்தானே என்று எனக்கும் தோன்றியது. மாசா மாவின் விலையோ மீலி மாவைவிடப் பல மடங்கு.

எனவே முதலில் மீலி மாவில் வெந்நீர் ஊற்றிப் பிசைந்தேன். உருண்டை பிடிக்க வந்தது. இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தியதும் விளிம்பெல்லாம் கோடைக்குளத்துத் தரைபோல வெடித்தது. தோசைக்கல்லிலிருந்து எடுத்து மடித்தபோது சரிபாதியாக உடைந்தது. அத்தை அலட்டிக்கொள்ளவில்லை. துண்டுகளை உதிர்த்து, அமாசித் தயிரை ஊற்றி, ஜூலு வீடுகளில் பூத்து என்னும் உதிரியான மீலிக் களியைச் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டு முடித்தார். (பூத்துவும் நம் புட்டும் பெயரில் மட்டுமல்ல, உதிர்வதிலும் ஒன்றுதான்.)

மாசா மாவு உதிராததற்குக் காரணம் சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே நீற்றிய சுண்ணாம்புதான். மெக்சிகோவில் காய்ந்த சோளமணிகளைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோலைக் கழுவித் தள்ளிவிட்டு அரைப்பார்கள். சுண்ணாம்பு தோலைக் கரைத்துப் பசையாக்குவதால்தான் மாவு ஒட்டிப் பிடிக்கிறது. சோளத்துக்குள் சிறைப்பட்டிருக்கும் நியாசின் சத்தும் இதில்தான் விடுபடுகிறது. இந்த முறையை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் எடுத்துச் சென்ற நாடுகளில், அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் பிடித்தது. தென்னாப்பிரிக்காவும் அதற்குத் தப்பவில்லை. இங்கே 2003 முதல் மீலி மாவில் நியாசின் உள்ளிட்ட சத்துகளைச் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். சத்துக் குறையை அது ஈடுகட்டும். பசைக்கு அதனால் பயனில்லை.

மாசா மாவு இரண்டு கப்புக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஏறத்தாழ ஒன்றரை கப். பிசைந்து, ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் மூடிவைக்க வேண்டும். ஓர் உருண்டையை விரலால் அமுக்கிப் பாருங்கள். ஓரம் வெடித்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர், கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மாவு. நன்றாகக் காய்ந்த கல்லில் போட்டு, இரண்டு முறை திருப்பியதும் பூரிக்குத் தங்கைபோல லேசாக உப்பும். அப்போது எழும் வாசனை, சுண்ணாம்பு அடித்த சுவரில் முதல் மழை பட்டதுபோல இருக்கும். அந்த வாசனைக்காகத்தான் அந்த விலை.

முழுச் சோளத்தை நாமே சுண்ணாம்பில் வேகவைத்தால் என்ன? ஒருமுறை செய்தேன். கிலோவுக்குப் பத்து கிராம் சுண்ணாம்பு. அதுவும் உண்ணத் தகுந்ததாக இருக்க வேண்டும், பாத்திரம் அலுமினியமாக இருக்கக் கூடாது. வெந்தது, தோலும் கழன்றது. ஆனால் மிக்சி சுற்றுவதற்காகத் தண்ணீர் விட்டு விட்டு, கடைசியில் கிடைத்தது தோசைமாவு. மறுபடி செய்ய மாட்டேன்.

மூன்றாவது நம் கோதுமை ரொட்டி. அதைப் போலி என்று சொல்பவர்கள் மெக்சிகோவின் வடக்கே சொனோராவை எட்டிப் பார்க்க வேண்டும். கோதுமை விளையும் அந்தப் பகுதியில் டோர்ட்டியா, அதாவது டாக்கோவுக்கான ரொட்டி, கோதுமையில்தான். கொழுப்பும் வெதுவெதுப்பான நீரும் விட்டுப் பிசைவார்கள். கொதிநீரும் எண்ணெயும் விட்டுப் பிசையும் டர்பன் ரொட்டிக்கு அது பெரியம்மா மகள் முறை. வேலைநாள் மாலையில் என் ஓட்டு இதற்கே. உள்ளே வைக்கச் சுகர் பீன்ஸ் என்னும் காய்ந்த பீன்ஸ் விதை போதும், ஆனால் கறியாக வேண்டாம். மஞ்சளும் கறிவேப்பிலையும் சேர்ந்தால் அது ரொட்டியும் பீன்ஸ் கறியும்தான், டாக்கோ ஆகாது. வெங்காயம், பூண்டு, சீரகத்தோடு வேகவைத்து மசித்துவிடுங்கள். மெக்சிகோவின் ஆஞ்சோ என்னும் காய்ந்த மிளகாயில் காரம் குறைவு, மணம் அதிகம். அதன் இடத்தில் நம் காரமான மசாலாவைக் கொட்டினால் நாக்கு எரிவதுதான் மிஞ்சும். காஷ்மீரி மிளகாய்த்தூள் ஓரளவு ஈடுகொடுக்கிறது. மேலே அவகாடோ, கொத்தமல்லி, எலுமிச்சை.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் மாசா மாவை எடுக்கிறேன். போன மாதம் அத்தை டப்பா மாறிப்போய் காலைக் கஞ்சிக்கு அதைப் போட்டுவிட்டார். “கஞ்சியில் ஏதோ சுண்ணாம்பு வாடை அடிக்கிறதே” என்று முகம் சுளித்தவரிடம், கொஞ்சம் வெல்லமும் பட்டையும் சேர்க்கச் சொன்னேன். மெக்சிகோவில் அதற்கு அத்தோலே என்று பெயர். இரண்டு கிண்ணம் குடித்தார்.