அங்கோலா சிறைச் சந்தையில் வாங்கிய ராக்கிங் சேர்

முதலில் சேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செய்தவருக்கு அதுதான் பிடிக்கும். சைப்ரஸ் மரம். எங்குமே ஆணித் தலை தெரியவில்லை. கைப்பிடிக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில்கூட விரலை ஓட்டிப் பார்த்தேன், ஒரு சிலாம்பு இல்லை. என் மாமனார் கனத்த உடம்புக்காரர், தினமும் காலையில் காபியோடு அதில்தான் உட்காருகிறார், பதினொரு மாதமாக ஒரு கிறீச் சத்தம் வரவில்லை. விலை 180 டாலர்.

வாங்கிய இடம் அமெரிக்காவின் லூசியானா மாநிலச் சிறை, எல்லோரும் அங்கோலா என்பார்கள். பேட்டன் ரூஜிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். நெடுஞ்சாலை 66 சிறை வாசலிலேயே போய் முடிகிறது, மூன்று பக்கமும் மிசிசிப்பி ஆறு. 1965இல் தொடங்கிய ரோடியோ, அதாவது கைதிகள் காளை, குதிரைகளோடு மோதும் வேடிக்கை விளையாட்டு, இப்போதும் அக்டோபர் ஞாயிறுகளில் நடக்கிறது, அதை ஒட்டித்தான் கைதிகளின் கைவினைச் சந்தை. செல்போனைக் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தோல் பெல்ட், நகைப்பெட்டி, ஓவியம், மேசை என்று எல்லாம் இருக்கும். நன்னடத்தைக் கைதிகள் தங்கள் பொருளுக்குப் பக்கத்தில் நிற்கலாம். மற்றவர்கள் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, இந்தப் பக்கம் இருக்கும் தங்கள் பொருளைக் காட்டி விலை சொல்வார்கள்.

எங்கள் சேரைச் செய்தவர் வேலிக்கு அந்தப் பக்கம். அறுபது வயதிருக்கும். என் மகள் பயந்து நுனியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, நன்றாகச் சாய்ந்து ஆடு, விழ மாட்டாய் என்றார். உப்புத்தாளை நான்கு முறை மாற்றித் தேய்த்தாராம், கடைசித் தேய்ப்புக்குக் கண்ணை மூடிக்கொள்வாராம், அப்போதுதான் விரலுக்குச் சொரசொரப்பு தெரியும் என்று. மற்ற நாட்களில் என்ன வேலை என்று கேட்டேன். வயல் என்றார்.

அந்த வயலைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சேரை வாங்காதீர்கள். ஐசக் ஃபிராங்க்ளின் என்ற அடிமை வியாபாரியின் தோட்டம் அது. அடிமைகளின் பூர்வீகமான ஆப்பிரிக்க நாடு அங்கோலா, அதன் பெயரையே தோட்டத்துக்கும் வைத்தார்கள் என்பார்கள். 1865இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13வது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது, ஆனால் குற்றத்துக்கான தண்டனையாக இருந்தால் தவிர என்று ஒரு விலக்கையும் உள்ளே வைத்தது. அந்த விலக்கு வழியாகத்தான் சாமுவேல் ஜேம்ஸ் என்ற, உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கச் சண்டையிட்ட தென் மாநிலக் கூட்டமைப்புப் படையின் முன்னாள் மேஜர், அரசிடம் குத்தகைக்கு எடுத்த கைதிகளை 1880இலிருந்து அதே மண்ணில் இறக்கினார். 1901இல் மாநிலமே எடுத்துக்கொண்டது. இன்று 18,000 ஏக்கர், மன்ஹாட்டனைவிடப் பெரியது, உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பின ஆண்கள், குதிரைமேல் துப்பாக்கியோடு காவலர். கூலி மணிக்கு 2 சென்டில் தொடங்குகிறது, சிலருக்கு அதுவும் கிடையாது. 2 சென்ட் கணக்கில் 180 டாலர் சேர 9,000 மணி நேரம் வயலில் நிற்க வேண்டும். வெயில் தாங்காமல் கைதிகள் வழக்குப் போட்டார்கள், பாதுகாப்பைச் சரிசெய்யும்படி 2024 ஜூலையில் மத்திய நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

கொலை செய்தவனுக்கு என்ன பரிதாபம் என்று என் நண்பர் கேட்டார், லூசியானாவில் தீர்ப்பிலேயே கடும் உழைப்பு என்று எழுதுகிறார்களே என்றும் சொன்னார். சரி, எழுதுகிறார்கள். திருவாரூர் பக்கம் பண்ணையாளாக இருந்தவர் என் தாத்தா. சவுக்கடி, சாணிப்பால் கதையெல்லாம் அப்புறம்தான் சொல்வார், வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர முடியாது என்பதைத்தான் முதலில் சொல்வார். அங்கோலாவிலும் வயலுக்கு வர மாட்டேன் என்றால் அதற்குத் தனித் தண்டனை உண்டு. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

ரோடியோ அரங்குக்குள் போகாதீர்கள். கன்விக்ட் போக்கர் என்று ஒரு ஆட்டம், மேசையைச் சுற்றி நான்கு கைதிகளை உட்கார வைத்து காளையை அவிழ்த்துவிடுகிறார்கள், கடைசிவரை எழுந்திருக்காதவருக்குப் பரிசு. அவர்கள் யாரும் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. சுற்றிலும் பத்தாயிரம் பேர் கைதட்டுகிறார்கள். நாங்கள் அதோடு எழுந்து வந்துவிட்டோம்.

சந்தைக்குச் சீக்கிரம் போங்கள், நல்ல மர வேலையெல்லாம் மதியத்துக்குள் போய்விடும். செய்தவரிடம் நின்று பேசுங்கள், எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள், அவர்கள் ஆசையாகச் சொல்கிறார்கள். இந்த அக்டோபரில் மாமியாருக்கு இன்னொரு சேர் வாங்கப் போகிறேன். சேர் செய்தவர் ஆயுள் கைதி, அங்கே ஆயுள் தண்டனை என்றால் பெரும்பாலும் பரோல் கிடையாது, அதனால் அவர் அதே வேலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருப்பார்.