கட்டாயம் யாருக்கு: குழந்தைக்கா, அரசுக்கா?

மழலையர் கல்வி என்றாலே ‘எந்த வயதில் பள்ளிக்கு அனுப்புவது’ என்றுதான் பேச்சு தொடங்கும். நான்கைந்து நாடுகளின் சட்டங்களைப் பார்த்தபோது எனக்கு முந்திக்கொண்டு வந்த கேள்வி வேறு: சட்டம் யாரைக் கட்டுகிறது?

பிரான்சில் 2019 செப்டம்பர் முதல் 3 வயதிலேயே கல்வி கட்டாயம். அதற்கு முன் 6. கேட்க அதிரடியாக இருக்கும். ஆனால் மூன்று வயதுக் குழந்தைகள் ஏறக்குறைய எல்லாருமே முன்பே ‘எகோல் மதெர்னெல்’ எனும் மழலையர் பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அரசுப் பள்ளியில் கட்டணமும் கிடையாது. அப்புறம் என்னதான் மாறியது? அரசு ஒப்பந்தத்தில் உள்ள தனியார் மழலையர் பள்ளிகளின் செலவிலும் உள்ளாட்சிகள் பங்கேற்க வேண்டியதாயிற்று. முதல் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மதிய வகுப்பிலிருந்து விலக்கு கேட்கலாம். பிள்ளை வீட்டில் தூங்கட்டும் என்று சட்டமே இறங்கி வருகிறது!

பின்லாந்தில் முதல் வகுப்பே 7 வயதில்தான். அதற்கு முந்தைய ஓராண்டு முன்பள்ளி மட்டும் 2015 முதல் கட்டாயம். அதற்குக் கீழே பெற்றோருக்குக் கட்டாயம் இல்லை, நகராட்சிக்கு உண்டு: கேட்டால் குழந்தைகள் காப்பகத்தில் இடம் தந்தாக வேண்டும். கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களில் 4 பேருக்கு ஒரு பணியாளர், அதற்கு மேல் 7 பேருக்கு ஒருவர் என்பதும் விதியிலேயே இருக்கிறது. 2016-ல், பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருந்தால் வாரம் 20 மணி நேரம் போதும் என்று இந்த உரிமையைச் சுருக்கினார்கள். ஹெல்சிங்கி அந்த வெட்டை அமல்படுத்தவே இல்லை. 2020-ல் முழு உரிமையும் திரும்பியது.

ஜெர்மனியில் 2013 ஆகஸ்ட் முதல் 1 வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பக இடம் சட்டப்படி உரிமை. சரி, இடம் இருந்ததா? போதவில்லை. இடம் கிடைக்காமல் வேலைக்குத் திரும்ப முடியாத லைப்சிக் தாய்மார் மூவர் வழக்குப் போட்டார்கள். நகராட்சியின் தவறால் இடம் தாமதமானால் இழந்த சம்பளத்தை இழப்பீடாகக் கேட்கலாம் என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னது.

ஜப்பான் பிடித்தது பணத்தின் வழி. 2019 அக்டோபர் முதல் 3 முதல் 5 வயது வரை கட்டணம் ரத்து. அதற்குக் கீழே ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும். காப்பகக் கட்டணம் ஏற்கெனவே வருமானத்துக்கேற்பத்தான் இருந்தது என்பதால், ரத்தில் அதிகம் மிச்சம் பிடித்தது வசதியானவர்கள்தான்.

அமெரிக்காவில் 1971-ல் நாடு தழுவிய குழந்தைப் பராமரிப்பு மசோதா நிறைவேறியும், அதிபர் நிக்சன் ரத்து அதிகாரத்தால் அதைத் தடுத்துவிட்டார்.

என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பின்லாந்து. கூடவே அந்த லைப்சிக் தீர்ப்பையும் கேட்டு வாங்கிக்கொள்வேன்.