யுங்குயோ வழியாக பொலிவியா போகிறவர்கள் கவனத்துக்கு

பெருவின் புனோவிலிருந்து பொலிவியாவின் கோபகபானாவுக்கு டூரிஸ்ட் பஸ்ஸில் போகாமல், என்னைப் போல உள்ளூர் வண்டி மாறி மாறிப் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் போனது 2019-ல். பறிபோனது பெரிய தொகை இல்லை. ஆனால் பறித்த விதம் இன்னும் மனதை அறுக்கிறது.

விசாவை புனோவில் இருக்கும் பொலிவியத் தூதரகக் கிளையிலேயே வாங்கிவிட்டேன். அது சிக்கலில்லாமல் முடிந்ததில் தெம்பு கொஞ்சம் கூடிப்போயிருந்தது. புனோவின் உள்ளூர் வண்டி நிலையமான டெர்மினல் சோனலில், எல்லைக்கு முந்தைய பெரு ஊரான யுங்குயோவுக்கு வேன். என்னிடம் இருபது சோல் (பெருவின் பணம்) கேட்டார்கள்; பக்கத்தில் உட்கார்ந்திருந்த அய்மாரா பழங்குடி அம்மா பத்துதான் நீட்டினார். போகட்டும், நம்ம ஊர் ஆட்டோவில் வெள்ளைக்காரர்களுக்கு நடக்காததா? இலாவே, ஹூலி, பொமாட்டா என்று திதிகாகா ஏரியை ஒட்டியே பாதை. இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள்.

வேன் யுங்குயோ ஊருக்குள் இறக்கிவிடும். எல்லை இருக்கும் கசானி அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் சொச்சம். இறங்கியதும் ஒரு மோட்டோ டாக்ஸிக்காரர் பையைப் பிடித்துக்கொண்டார். வண்டி நம்ம பஜாஜ் ஆட்டோவேதான். அதைப் பார்த்ததும் ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இளித்துக்கொண்டே ஏறினேன்.

என் வாட்சில் நாலரை. அவர் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, "பொலிவியாவில் இப்போ அஞ்சரை! ஆபீஸை மூடிடுவாங்க, ராப்பிடோ, ராப்பிடோ!" (சீக்கிரம், சீக்கிரம்!) என்று பரபரத்தார். பொலிவியா நேரம் பெருவைவிட ஒரு மணி நேரம் முந்தியது என்பது உண்மை. அதனால்தான் விழுந்தேன். பொய் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

நான் கேட்காமலேயே ஓரமாக நிறுத்தினார். குடைக்கடியில் ஸ்டூல் போட்டு, கால்குலேட்டரோடு ஒரு காம்பிஸ்தா, அதாவது பணம் மாற்றித் தருபவர். ஒரு சோலுக்கு இரண்டு பொலிவியானோ; அன்றைக்கு அது நியாயமான ரேட். முந்நூறு சோலுக்கு அறுநூறு. நூறு நூறாக என் கண்ணெதிரேதான் எண்ணினார். தாள்களின் ஓரத்தை மட்டும் விசிறி மாதிரி விரித்துக் காட்டினார். ஓரங்கள் ஆறு. பின்னால் மோட்டோ டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். வாங்கிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டேன்.

மோட்டோ டாக்ஸி என்னை எல்லைத் தோரண வளைவுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டுப் பறந்தது. வளைவைத் தாண்டி, மூச்சு வாங்க மேடேறி, பொலிவிய கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "சலீடா?" என்றார். பெருவிலிருந்து வெளியேறிய முத்திரை எங்கே என்கிறார். அந்த அலுவலகம் வந்த வழியிலேயே இருந்திருக்கிறது. வண்டி அதைத் தாண்டித்தான் நின்றிருக்கிறது. அவசரத்தில் நான் போர்டைப் படிக்கவே இல்லை. முதுகில் பதினாலு கிலோ பையோடு மறுபடி இறங்கி, முத்திரை குத்தி வாங்கி, மறுபடி ஏற வேண்டியதாயிற்று. திதிகாகா கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் நாலு எட்டு வேகமாக வைத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஒருவழியாக இரண்டு முத்திரையும் வாங்கி, கோபகபானா போகும் ஷேர் வேனில் ஏறி, சில்லறைக்காகப் பணத்தை எடுத்தபோதுதான் பார்த்தேன். நடுவில் ஒரு தாள் சரிபாதியாக மடிந்திருந்தது. ஒரே நோட்டின் இரண்டு ஓரமும் இரண்டு நோட்டாக எண்ணப்பட்டிருக்கின்றன. கையில் ஐந்நூறுதான். நம்ம பணத்தில் ஆயிரம் ரூபாய் போச்சு. மோட்டோ டாக்ஸிக்காரருக்கும் காம்பிஸ்தாவுக்கும் கூட்டு என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அந்த ஹாரன் காதிலேயே நிற்கிறது.

நீங்கள் போனால் யுங்குயோவுக்கு நேரத்தோடு போய்ச் சேருங்கள். வேன் காசுக்கு மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, மீதியை கோபகபானாவில் மாற்றலாம். தாளை ஒவ்வொன்றாக உங்கள் கைக்கு வாங்குங்கள். வண்டியில் ஏறும்போதே "மிக்ராசியோனெஸ் பெரு", அதாவது பெருவின் வெளியேறும் முத்திரை குத்தும் அலுவலகம், அதன் வாசலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்த ஷேர் வேனில் எனக்கு முன் சீட்டில் இருந்த பாட்டி, டிரைவர் கொடுத்த சில்லறை நோட்டுகளை முழங்காலில் வைத்து ஒவ்வொன்றாக நீவிவிட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. கோபகபானாவுக்கு எட்டே கிலோமீட்டர்தான். ஆள் நிரம்பட்டும் என்று வேன் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றது.