‘நோ டிஸ்க்’ என்று வந்தால்: வீட்டில் ரைட் பண்ணிய டிவிடிகளோடு என் அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில் தீமிதி என்று எது நடந்தாலும் ஒரு காலத்தில் விசிடி, அப்புறம் டிவிடி போட்டுக் கொடுப்பார்கள். லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள், ரப்பர் இருந்த இடமெல்லாம் செம்பனை. பழைய முகங்களும் பழைய கோயிலும் அந்தத் தட்டுகளில்தான் மிச்சம். அதனால் பிளேயரில் ‘நோ டிஸ்க்’ (தட்டு இல்லை) என்று வந்த தட்டைக் குப்பையில் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உறவுக்காரர்கள் கொண்டுவருவதையும் சேர்த்துப் பல வருடமாக இவற்றைச் சரிபார்த்து வருகிறேன்.

“கடையில் வாங்கின படம் நல்லாத்தானே ஓடுது, அப்போ இந்தத் தட்டுதான் போச்சு” என்பார்கள். அது சரியான சோதனை இல்லை. கடைப் படத்தில் தகவல் பள்ளங்களாக அச்சிலேயே அழுத்தப்பட்டிருக்கும். நாம் ரைட் பண்ணும் சாதாரணத் தட்டில் ஒரு சாயப் பூச்சைத்தான் லேசர் மாற்றுகிறது. அதனால் பிளேயருக்குத் திரும்பிவரும் ஒளி பொதுவாகக் குறைவு, அழித்து அழித்து எழுதும் ஆர்டபிள்யூ தட்டுகளில் இன்னும் குறைவு. லேசர் தளர்ந்த, லென்ஸில் தூசு படிந்த பழைய பிளேயர் கடைப் படத்தை எப்படியோ சமாளித்துவிடும், நம்முடையதில் தடுமாறும். எனவே முதலில் கம்ப்யூட்டர் டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் மறுத்தால் வேறு கம்பெனி டிரைவ். இங்கேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

அதிலும் வரவில்லையென்றால் தட்டின் அடிப்பக்கத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு வளையம் மட்டும் நிறம் சற்று மாறித் தெரியும், அதுவரைதான் பதிவு இருக்கிறது. வளையம் இருந்தும் தட்டு ‘காலி’ என்று காட்டினால் பெரும்பாலும் ஃபைனலைஸ் (மற்ற பிளேயர்களும் படிக்கும்படி பதிவை முடித்து மூடுவது) செய்யாமல் விட்டிருப்பார்கள். டிவிடி ரெக்கார்டரிலும் சின்னத் தட்டு போடும் கேம்கோடரிலும் இது அடிக்கடி நடக்கும். பதிவு செய்த அதே மெஷின் கிடைத்தால் அதிலேயே ஃபைனலைஸ் கொடுங்கள். கிடைக்காவிட்டால் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் படத்தை வெளியே எடுத்துக் கொடுக்கும். அந்தச் சின்னத் தட்டை மட்டும் வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் கார் பிளேயரில் போடவே போடாதீர்கள், சிக்கிக்கொள்ளும்.

கம்ப்யூட்டரில் ஓடி டிவி பிளேயரில் ஓடாத தட்டில் வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் வெறும் எம்பி4 கோப்பு இருந்தால் தட்டில் குறையே இல்லை, அந்தப் பிளேயருக்கு எம்பி4 தெரியாது, அவ்வளவுதான்.

படம் நன்றாக ஓடி, கடைசியில் சாமி ஊர்வலம் வரும்போது கட்டம் கட்டமாக உடைகிறதா? டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. அவசரமாக அதிக வேகத்தில் எழுதினால் ஓரம்தான் முதலில் சொதப்பும். மையம் பார்த்துச் சரியாக ஒட்டாத காகித லேபிளும் இதே வேலையைச் செய்யும், நம் ஊர்ப் புழுக்கத்தில் அது குமிழ் விட்டுத் தட்டு ஆட ஆரம்பிக்கும். ஆனால் லேபிளை உரிக்காதீர்கள். விசிடி எழுதிய சிடி-ஆரில் தகவல் அடுக்கு லேபிள் பக்கத்து மேல்பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது, லேபிளோடு அதுவும் பெயர்ந்து வந்துவிடும். டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் தாங்கும்.

துடைப்பதென்றால் மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல் தகவல் ஓடும் திசையிலேயே விழுந்து படிப்பதைக் கெடுக்கும்.

ஒரு தடவை படித்துவிட்டதா, அங்கேயே முழுத் தட்டையும் ஐஎஸ்ஓ கோப்பாக (தட்டின் முழு நகல் ஒரே கோப்பில்) எடுத்து வையுங்கள். இம்க்பர்ன் என்ற மென்பொருள் இலவசம், அது போதும். பாதியில் நின்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாத இடங்களுக்குத் திரும்ப வரும். பொறுமைக்காரர்களுக்கு ஏற்றது, ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடலாம்.

இன்னும் பிளேயரில்தான் பார்ப்பேன் என்று சொல்லும் பாட்டிமார்களுக்குப் புதிதாக எழுதிக் கொடுப்பதென்றால்: 4.7 ஜிபி டிவிடி-ஆர், படம் இரண்டு மணி நேரத்துக்குள், 16 வேகத் தட்டானாலும் 8 வேகத்தில் எழுத்து, முடிந்ததும் வெரிஃபை (எழுதியது சரியாகப் படிகிறதா என்ற சரிபார்ப்பு). பெயரை நடு ஓட்டையைச் சுற்றியுள்ள கண்ணாடி வளையத்தில், தட்டுக்கென்று விற்கும் மார்க்கரால் எழுதுங்கள்.