பாரிஸ் வெள்ளி முத்திரை: பொருள் அருமை, விவரக் குறிப்புதான் சொதப்பல்

அரக்கில் பதிக்கும் இந்த முத்திரையைப் பாரிஸில் ஒரு பழம்பொருள் கடையிலிருந்து வரவழைத்தேன். கட்டைவிரல் உயரம்தான், ஆனால் கையில் எடுத்தால் நல்ல கனம். அடியில் குடும்பச் சின்னம் பொறித்த இரண்டு நீள்வட்டக் கேடயங்கள் ஒட்டி நிற்கின்றன, மேலே ஒன்பது முத்து வைத்த கிரீடம், அதாவது கோம்த் பட்டம் பெற்ற பிரபு ஒருவரின் திருமண சம்பந்தத்தின் சின்னம். பிடியோரம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் காட்டுப்பன்றித் தலை தெரிகிறது. 1838 முதல் பாரிஸில் சிறு வெள்ளிச் சாமான்களுக்குக் குத்திய தர அடையாளம் அது, 800 தரம், அதாவது ஆயிரத்தில் குறைந்தது 800 பங்கு வெள்ளி.

செதுக்குவேலையைச் சொல்லியே ஆகவேண்டும். நெடுக்குக் கோடு என்றால் சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளி பொன் நிறம் என்று, நிறமே இல்லாமல் கேடயத்தின் நிறத்தைச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் நகத்தளவு இடத்தில்!

குறை ஒன்றுதான். உலோகத்தில் இடப்பக்கம் இருப்பதைக் கணவர் வீட்டுச் சின்னம் என்று கடைக்காரர் எழுதிவிட்டார். முத்திரையில் எல்லாம் இடவலம் மாற்றித்தானே வெட்டுவார்கள், அரக்கில் பதித்தால்தான் கணவர் சின்னம் நமக்கு இடப்பக்கம் வரும். சொல்லிப் பார்த்தேன், இன்னும் திருத்தவில்லை.

அப்புறம், முதல் தடவை அரக்கு ஒட்டிக்கொண்டது. முத்திரையை ஐஸ் கட்டிமேல் கொஞ்சநேரம் வைத்து, ஈரம் துடைத்துவிட்டு அழுத்தினேன், ஒன்பது முத்தையும் எண்ணிவிடலாம்.